மதுரையில நல்ல மங்குஸ்தான், டுரியான் எங்கப்பா கிடைக்கும்? மாட்டுத்தாவணி, கே.கே.நகர் எல்லாம் பாத்தாச்சு

தெப்பக்குளத்தான்:
வணக்கம் மக்களே. எங்க அத்தை கல்யாணமாகிப் போனதுல இருந்து பினாங்குலயே இருந்தவங்க, மாமா தவறுன பிறகு இப்ப எங்க கூடவே வந்துட்டாங்க. சாப்பாட்டுல ஒரு குறை சொல்ல மாட்டாங்க, ஆனா ஜூன் மாசம் பொறந்துட்டா போதும், இந்நேரம் அங்க பாலிக் புலாவ்ல டுரியான் விழ ஆரம்பிச்சிருக்கும், மங்குஸ்தான் கூடை கூடையா ரோட்டோரம் வந்திருக்கும்னு ஆரம்பிச்சு ராத்திரி படுக்குற வரைக்கும் அதே பேச்சுத்தான். வயசான மனுசி ஆசைப்படுதேன்னு நானும் மாட்டுத்தாவணி பழ மார்க்கெட், கே.கே.நகர்ல ஏசி போட்ட பழக்கடை, பைபாஸ் ரோடு சூப்பர் மார்க்கெட்னு அலைஞ்சிட்டேன்.

மங்குஸ்தான் ஒரு கடையில கிடைச்சுச்சு. தாய்லாந்துன்னு ஸ்டிக்கர் ஒட்டி, ஒவ்வொண்ணுக்கும் வலை மாட்டி, பெட்டியில ஜம்முன்னு இருந்துச்சு. வாங்கியாந்து அத்தை கையில குடுத்தா ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு அமுக்குறாங்க அமுக்குறாங்க, ஓடு அசையவே இல்ல. கத்தியப் போட்டு அறுத்தா வெள்ளை வெளேர்னு இருக்க வேண்டிய சுளை பாதி கண்ணாடியாத் தெரியுது, ஓரத்துல மஞ்சப் பால் வேற கசிஞ்சு ஒட்டியிருக்கு. இதை அங்க ஆட்டுக்குக் கூட போட மாட்டோம்னு சொல்லிட்டு எந்திரிச்சு டிவி பாக்கப் போயிட்டாங்க. டுரியான் கண்ணாலயே பாக்க முடியல. யாருக்காச்சும் நல்ல இடம் தெரிஞ்சா சொல்லுங்கப்பா, விலை கூட இருந்தாலும் ஒரு தடவைக்கு பரவாயில்ல.

சிம்மக்கல் சித்தப்பு:
ஏன்ப்பா, சிறுமலைப் பழம் இருக்கு, நத்தம் காசாலட்டு மாம்பழம் இருக்கு, பண்ருட்டி பலா தெருவுக்குத் தெரு வருது. அதையெல்லாம் விட்டுட்டு எவனோ தின்னுட்டு பஸ்ல ஏறுனா பஸ்ஸே எறங்கிப் போற பழத்துக்கு இம்புட்டு அலைச்சலா. அத்தைய மலைப்பழம் சாப்பிடச் சொல்லு, வயித்துக்கும் நல்லது.

தெப்பக்குளத்தான்:
சித்தப்பு, அத்தை காலைல எந்திரிச்சதும் மலைப்பழம் தான் சாப்பிடுறாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நீங்க ஒரு வருசம் துபாய்ல இருந்தப்ப பருத்திப்பால் இல்லையேன்னு போன் போட்டு அழுதீங்களே, அப்ப நான் பேரீச்சம்பழம் சாப்பிடுங்கன்னு சொன்னேனா?

சிம்மக்கல் சித்தப்பு:
அது வேற இது வேற 😄

டல்லாஸ் மதுரைக்காரன்:
தம்பி உங்க அத்தை வலி எனக்குப் புரியுது. இங்க நெலம அப்படியே தலைகீழ். சூப்பர் மார்க்கெட்ல வருசம் பூரா மாம்பழம் குமிஞ்சு கிடக்கும், ஆனா நிறைய டாமி அட்கின்ஸ்னு ஒரு ரகம், மெக்சிகோ, பிரேசில்னு அங்கிட்டு இருந்து வர்றது. பாக்க செக்கச்செவேல்னு இருக்கும், வாயில போட்டா நாரு. பழ ஈ முட்டை இருக்கும்னு மெக்சிகோ மாம்பழத்தை 46 டிகிரி சுடுதண்ணில ஒரு மணி நேரத்துக்கு மேல முக்கி எடுத்துத்தான் உள்ள விடுவாய்ங்க. பெறகு ருசி எங்கிட்டு இருந்து வரும்.

நம்ம ஊர் மாம்பழத்துக்கு இங்க ரொம்ப வருசம் தடை, 2007ல தான் எடுத்தாங்க. அதுவும் சும்மா இல்ல, 400 கிரே அளவு கதிர்வீச்சு குடுத்துத்தான் ஏத்தணும், மாங்கொட்டைக்குள்ள இருக்கிற வண்டும் பழ ஈயும் இனப்பெருக்கம் பண்ண முடியாம போகணும்னு. அதை மேற்பார்வை பண்ண அமெரிக்க இன்ஸ்பெக்டர் இந்தியா வரணும், கொரோனா சமயம் அவிங்க வர முடியல, 2020லயும் 21லயும் ஒரு பழம் வரல. 2025 மே மாசம் கேட்டீங்கன்னா இன்னும் கொடுமை, மும்பைல இருந்து ஏத்துன 15 சரக்கு, கதிர்வீச்சு பேப்பர்ல ஏதோ கோளாறுன்னு சொல்லி லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ, அட்லாண்டா ஏர்போர்ட்ல மடக்கிட்டாய்ங்க. திருப்பி அனுப்பு இல்லைன்னா அழிச்சிருன்னு சொன்னா, திருப்பி அனுப்புற செலவுக்கு அழிக்கிறதே தேவலைன்னு அம்புட்டையும் அழிச்சாங்க. பழத்துல ஒரு குத்தமும் இல்ல, பேப்பர்ல தான். நெஞ்சு பதறுது.

இங்க வாங்குறது எப்பிடின்னா வாட்ஸ்அப் குரூப்ல பேரு குடுக்கணும், ஃபிளைட் எறங்குனதும் மெசேஜ் வரும், யாரோ ஒருத்தர் வீட்டு கேரேஜுல போயி லைன்ல நின்னு பெட்டி வாங்கணும். பத்துப் பன்னெண்டு பழம் இருக்கிற பெட்டி 40, 50 டாலர். அல்போன்சா, கேசர், பங்கனப்பள்ளி வரும். காசாலட்டு ஒருநாளும் வராது.

சிம்மக்கல் சித்தப்பு:
50 டாலருக்கு நத்தம் தோப்புல மரத்தையே குத்தகைக்கு எடுத்துரலாமேய்யா

பழமண்டி:
நான் இந்த தொழில்ல இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமை இருக்கிறவங்க படிங்க. மங்குஸ்தான் மதுரைக்கு வரல்லன்னு இல்ல, வருது. ரெண்டு வழில வருது. ஒண்ணு தாய்லாந்துல இருந்து ஃபிளைட்ல சென்னை, அங்க கோல்டு ஸ்டோரேஜ், கோயம்பேடு, அங்கிருந்து ராத்திரி வண்டில நம்ம ஊரு. இன்னொண்ணு கேரளா, சாலக்குடி பக்கம் பரியாரம்னு ஒரு ஊரு, அங்க மங்குஸ்தான் தோப்பு நிறைய, அது போக கோட்டயம், பத்தனம்திட்டா பக்கமும் வீட்டுக்கு வீடு மரம் நிக்கும். அது செங்கோட்டை வழியா இந்தப் பக்கம் எறங்கும்.

சிக்கல் எங்கன்னா இந்தப் பழத்துக்கு கை பட்டாலே ஆகாது. மரத்துல இருந்து ஒவ்வொண்ணா கையால எடுக்கணும், எட்டாத உசரத்துக்கு நீளக் கம்புல பை கட்டி பறிப்பாங்க. கீழ விழுந்த பழம்னா வெளிய ஒண்ணும் தெரியாது, ஆனா அடிபட்ட இடத்துல ஓடு உள்ளுக்குள்ள இறுகிப் போயிரும், மஞ்சப் பால் சுளைக்குள்ள எறங்கி கசக்கும். லாரியில பெட்டி மேல பெட்டி அடுக்குறதுலயும் அதே கதை தான். சரி ஐஸ்ல வச்சு கொண்டு போவோம்னா அதுவும் ஆகாது, 13 டிகிரி அளவுல வச்சா ரெண்டு வாரம் மூணு வாரம் தாங்கும், அதுக்கு ரொம்ப கீழ போனா ஓடு கல்லாயிரும். நீங்க அந்த ஏசி கடையில வாங்குனது எனக்கென்னவோ ஆப்பிள் வைக்கிற குளிர்ல ஆப்பிள் கூடவே கிடந்திருக்கும்னு தோணுது. ஆப்பிளுக்கு பூஜ்யம் டிகிரி சுகம், மங்குஸ்தானுக்கு அதுவே எமன். ரெண்டுக்கும் தனித்தனி ரூம் வைக்கிற அளவுக்கு நம்ம ஊர்ல வியாபாரம் இல்ல, ஒரு நாளைக்கு பத்து பெட்டி ஓடுற சரக்குக்கு யாரு தனியா ரூம் போடுவா.

அதே நேரத்துல டிராகன் ஃப்ரூட் பாருங்க, கிவி பாருங்க, எங்க பாத்தாலும் இருக்கு. அது ருசிங்கறதாலயா? தூக்கிப் போட்டா தாங்கும், ஒரு வாரம் கடையில கெடந்தாலும் முகம் வாடாது, அதனால. எங்க யாவாரத்துல எந்தப் பழம் பயணம் தாங்குதோ அது தான் உலகம் பூரா போகும். நாக்குக்கு எது நல்லதுன்னு யாரும் கேக்குறதில்ல.

தெப்பக்குளத்தான்:
அண்ணே இவ்வளவு விளக்கமா யாரும் சொன்னதில்ல. அப்ப கேரளா பழம் உங்ககிட்ட வந்தா ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?

பழமண்டி:
சொல்றேன். ஆனா மழை எப்பிடின்னு பாத்துத்தான் சொல்ல முடியும். பறிக்கிற சமயத்துல மழை வலுத்துச்சுன்னா சுளையில தண்ணி ஏறி நீங்க சொன்ன மாதிரி கண்ணாடி ஆயிரும்.

கோமதிபுரம் அக்கா:
தம்பி எதுக்கு இம்புட்டு சுத்துறீங்க, குத்தாலம் இருக்குல்ல. சீசன்ல போனா குற்றாலநாதர் கோயில் சன்னதி பஜார்ல மங்குஸ்தான், ரம்புட்டான் எல்லாம் கூறு கட்டி வச்சிருப்பாங்க. பழத்தோட்ட அருவிப் பக்கம் தோட்டக்கலைத் துறை பண்ணையே இருக்கு, மரம் அங்கயே நிக்குது. நாங்க வருசா வருசம் சாரல் ஆரம்பிச்சதும் போவோம். (ரம்புட்டான் இப்ப நம்ம ஊர் தள்ளுவண்டிலயே வருது, அதுக்காக போக வேணாம்.)

வாங்கும்போது ரெண்டு விசயம் பாருங்க. மேல இருக்கிற நாலு இலை, அந்த தொப்பி, பச்சையா இருக்கணும், காஞ்சு பழுப்பா இருந்தா பறிச்சு நாளாச்சுன்னு அர்த்தம். பழத்தை லேசா அமுக்குனா அமுங்கணும். அப்பறம் பழத்தைக் கவுத்துப் பாத்தா அடியில பூ போட்ட மாதிரி சின்ன இதழ் இருக்கும், அதை எண்ணுங்க. ஆறு இதழ்னா உள்ள ஆறு சுளை, ஏழுன்னா ஏழு, தப்பவே தப்பாது. இதழ் கூட இருக்கிற பழமாப் பொறுக்குனா சுளை சின்னதா இருக்கும், கொட்டை கம்மியா இருக்கும். எங்க வீட்டுப் பிள்ளைங்க கார்ல வரும்போதே எண்ணி பந்தயம் கட்டி பாதியத் தின்னு முடிச்சிருங்க. அறுக்கும்போது மேல் துணி பாத்துக்கங்க, அந்த ஊதாக் கறை எந்த சோப்புக்கும் போகாது.

தெப்பக்குளத்தான்:
அக்கா அத்தைகிட்ட இதழ் கணக்கப் படிச்சுக் காட்டுனேன், இதெல்லாம் எனக்கு அஞ்சு வயசுலயே தெரியும்னு ஒரு பார்வை 😀

கலெக்டர் ஆபீஸ் கேண்டீன்:
விக்டோரியா ராணி மங்குஸ்தான் கொண்டாந்து குடுக்கிறவனுக்கு 100 பவுண்டு தர்றேன்னு அறிவிச்சாங்களாம், கப்பல்ல லண்டன் வர்றதுக்குள்ள அழுகிப் போச்சாம். அந்தக் காலத்துல இருந்தே இந்தக் கதை தான்.

டல்லாஸ் மதுரைக்காரன்:
அதுக்கு ஆதாரம் எதுவும் இல்லைங்க, எல்லா இடத்துலயும் காப்பி அடிச்சு ஓடிக்கிட்டு இருக்கிற கதை. ஆனா இங்க அமெரிக்காவுக்குள்ள தாய்லாந்து மங்குஸ்தானை முறையா விட்டதே 2007ல தான், நம்ம மாம்பழத்துக்கு விட்ட அதே வருசம், அதே கதிர்வீச்சு நிபந்தனை. அதுக்கு முன்னாடி ஆசைப்பட்டவங்க கனடா போயி சாப்பிட்டுட்டு வருவாங்க, அந்தக் குளிர்ல பழ ஈ எங்க பொழைக்கும்னு அவங்களுக்குக் கவலை கிடையாது.

ஈப்போ மருமகன்:
இப்பத்தான் இந்த இழைய பாத்தேன். மனைவி ஊரு ஈப்போ, நான் திருமங்கலம். மங்குஸ்தான் பத்தி எல்லாரும் சொல்லிட்டீங்க, டுரியான் பத்தி நான் சொல்றேன், ஏன்னா அத்தை கேக்குறது எதுன்னு எனக்குத் தெரியும், அது மதுரைக்கு வராது. ஏன் வராதுன்னும் சொல்றேன்.

மலேசியாவுல டுரியானை யாரும் பறிக்க மாட்டாங்க. ராத்திரில தானா விழும். தோட்டக்காரங்க மரத்தடியில வலை கட்டி வச்சிருப்பாங்க, விடியக்காலைல டார்ச் அடிச்சுப் பொறுக்கி எடுத்துட்டு வந்து அன்னைக்கே விப்பாங்க. விழுந்த பழம் ரெண்டு நாள், மிஞ்சிப் போனா மூணு நாள், அதுக்கு மேல சுளை புளிச்சு சாராய வாடை வந்துரும், ஓடு வெடிச்சிரும். தாய்லாந்துல வேற மாதிரி. அங்க முத்துனதும் காம்போட வெட்டிருவாங்க, கம்பால தட்டிப் பாத்து சத்தத்தை வச்சே முத்தல் எவ்வளவுன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. அது வண்டியில போகும்போதே பழுக்கும், அதனால தூர தேசத்துக்கெல்லாம் தாய்லாந்து மொன்தோங் ரகம் தான் போகுது. சுளை பெருசு, கொட்டை சிறுசு, வாடை கம்மி, இனிப்பு உண்டு. ஆனா பினாங்கு ஆளுங்க அதை மதிக்கவே மாட்டாங்க. அவங்களுக்கு லேசா கசக்கணும், நாக்குல விறுவிறுன்னு ஏறணும், ரெட் ப்ரான்னு ஒரு ரகம், பாலிக் புலாவ்ல பேர் போனது, ஆரஞ்சு கலந்த சிவப்புச் சுளை. உங்க அத்தை கேக்குறது அதுவாத்தான் இருக்கும்.

சீனாக்காரன் அம்புட்டு காசு வச்சுக்கிட்டு கேட்டும் மலேசியாப் பழம் அவனுக்கு மொதல்ல வெறும் உறைஞ்ச சுளையாத்தான் போச்சு, 2019ல இருந்து முழுப்பழத்தை உறைய வச்சு, 2024ல தான் உறைய வைக்காத பழத்தை நேரா ஏத்த அனுமதி. நைட்ரஜன்ல சட்டுன்னு உறைய வைப்பாங்க. அவனுக்கே அந்தக் கதின்னா மாட்டுத்தாவணில எதிர்பாக்கலாமா.

தெப்பக்குளத்தான்:
ரெட் ப்ரான் தான்! பேரைப் படிச்சதும் அத்தை சேரை இழுத்துப் போட்டு போன் பக்கத்துல உக்காந்துட்டாங்க. இவரு யாரு, ஈப்போல எந்தப் பக்கம், மாமனார் என்ன வேலை பாத்தாருன்னு ஒரே கேள்வி. அண்ணே, நீங்க வரும்போது ஒண்ணு கொண்டாற முடியாதா?

ஈப்போ மருமகன்:
அத்தைக்கு வணக்கம் சொன்னேன்னு சொல்லுங்க, புந்தோங் பக்கம். கொண்டு வர்றது நடக்காது தம்பி. ஏர்லைன்ஸ்காரன் விட மாட்டான், சிங்கப்பூர்ல எம்.ஆர்.டி. ரயில்லயே டுரியான் கொண்டு போகக் கூடாதுன்னு போர்டு மாட்டி வச்சிருக்கான், ஃபிளைட்ல விடுவானா. அப்பிடியே எப்பிடியாச்சும் திருச்சி வந்து எறங்குனாலும், வெளிநாட்டுப் பழம் கொண்டு வரணும்னா தாவரப் பாதுகாப்பு சர்டிபிகேட் அது இதுன்னு இருக்கு. ஒரு பழத்துக்காக எவன் அலைவான். டுரியான் மிட்டாய், டுரியான் வேஃபர் கொண்டு வர்றேன், அது சிக்கல் இல்ல.

தெப்பக்குளத்தான்:
மிட்டாய் வேணாமாம் 😀

அலங்காநல்லூர் சம்சாரி:
எல்லாரும் வாங்குறதப் பத்தியே பேசுறீங்க, வச்சு வளத்தா என்ன? நம்ம தோட்டத்துல கிணத்துத் தண்ணி வத்தாது. ஒரு மங்குஸ்தான் கன்னு வச்சா வருமா?

பழமண்டி:
மரம் நிக்கலாம், காய்க்குமாங்கறது சந்தேகம். அதுக்கு வருசம் பூரா ஈரக்காத்து வேணும், நம்ம சித்திரை வெயிலு இலையக் கருக்கிப் போட்டுரும். கல்லாறு, பர்லியாறு அரசுப் பண்ணைகள்ல வெள்ளைக்காரன் காலத்துல வச்ச மரம் நிக்குதுன்னா அது நீலகிரி அடிவாரம், ஓடைத்தண்ணி, நிழல், எல்லாம் சேந்து. கொட்டையில இருந்து வந்த கன்னுன்னா காய்க்க ஏழெட்டு வருசம் ஆகும், பத்தும் ஆகலாம். கொட்டைய காய வச்சா செத்துப் போகும், சாப்பிட்ட ஈரத்தோட ஊனணும். உங்க இடத்துக்கு நல்ல இமாம் பசந்த் வைங்க, நாலு காசாச்சும் பாக்கலாம்.

அலங்காநல்லூர் சம்சாரி:
இமாம் பசந்த் இருக்குங்க, பத்து மரம். சும்மா ஆசைக்குக் கேட்டேன். ஒரு கன்னு தென்னைக்கு நடுவுல வச்சுத்தான் பாப்போமே, போனா போகுது.

ஸ்டுட்கார்ட் சின்னப்பொண்ணு:
ஐரோப்பாவுலயும் 2014 மே மாசம் இந்திய மாம்பழத்தை மொத்தமா நிறுத்துனாங்க, பழ ஈ வந்துச்சுன்னு. அடுத்த வருசம் தான் திறந்தாங்க. அந்த ஒரு கோடை பாகிஸ்தான் பழத்தை வச்சு ஓட்டுனோம், உண்மைய சொல்லணும்னா நல்லாத்தான் இருந்துச்சு, யாரும் அடிக்க வராதீங்க. இங்க ஆசியன் கடையில தாய்லாந்து டுரியான் ஃப்ரீசர்ல கிடைக்குது, மதுரையில கிடைக்கலைன்றது தான் எனக்கு ஆச்சரியம்.

சிம்மக்கல் சித்தப்பு:
குத்தாலத்துல டுரியான் விக்கிறத நானே பாத்திருக்கேன். பிள்ளை இல்லாதவங்க சாப்பிட்டா பிள்ளை பிறக்கும்னு சொல்லி யானை விலை சொல்றாய்ங்க.

கோமதிபுரம் அக்கா:
அந்த நம்பிக்கையால தான் அங்க டுரியானே கண்ணுல பட மாட்டேங்குது. இருக்கிறது கொஞ்ச மரம், காய்க்கும் முன்னாடியே இன்னாருக்குன்னு சொல்லி வச்சிருவாங்க. அதைத் தின்னா கரு தங்கும்னு எந்த டாக்டரும் சொல்லி நான் கேட்டதில்ல. ஏக்கத்துல இருக்கிறவங்ககிட்ட ஒரு பழத்தைக் காட்டி ஆயிரக்கணக்குல வாங்குறது எனக்குப் புடிக்கல, சொல்லிட்டேன். மங்குஸ்தானுக்கு அந்தத் தொல்லை இல்ல, தைரியமா போகலாம்.

தெப்பக்குளத்தான்:
சரி மக்களே, முடிவு பண்ணியாச்சு. வர்ற சனிக்கிழமை செங்கோட்டை ரயில்ல அத்தையக் கூட்டிட்டு தென்காசி எறங்கி குத்தாலம் போறோம். டுரியான் கிடைச்சா பாப்போம், இல்லைன்னா மங்குஸ்தான். குத்தாலப் பழம்னு சொல்லி கேரளாப் பழத்தைக் கலக்குறாங்கன்னு ஒரு பேச்சு இருக்கே, கண்டுபுடிக்க முடியுமா?

கோமதிபுரம் அக்கா:
கலப்பாங்க. கலந்தா என்ன, செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் நேத்து பறிச்சது தானே, தாய்லாந்துப் பழத்துக்கு அது எவ்வளவோ மேல். நீங்க தொப்பி பச்சையா இருக்கா, அமுக்குனா அமுங்குதா, அதை மட்டும் பாருங்க. விலை எடுத்ததும் ரெண்டு மடங்கு சொல்வாங்க, மெயின் அருவிக்குப் பக்கத்துல வாங்காம கொஞ்சம் தள்ளி வந்து கேளுங்க. ஒவ்வொரு கடையிலயும் ஒரு பழம் உடைச்சுக் காட்டச் சொல்லுங்க, முகம் சுளிச்சா அடுத்த கடை.

பழமண்டி:
திரும்பி வரும்போது துணிப்பையில தொங்க விட்டுட்டு வராதீங்க, ஒண்ணோட ஒண்ணு மோதும். அட்டைப்பெட்டில பேப்பர் கிழிச்சுப் போட்டு ஒரே அடுக்கா வைங்க, மடியில வச்சுட்டு வாங்க. வீட்டுல ஃபிரிட்ஜுக்குள்ள தள்ளிராதீங்க. ஈரத்துணி போட்டு மூடி நிழல்ல வச்சா நாலஞ்சு நாள் தாங்கும்.

ஈப்போ மருமகன்:
டுரியான் கிடைச்சா ரயில்ல ஏத்தாதீங்க, பெட்டியே உங்களைத் தேடும். அங்கயே உடைச்சு அத்தைய ஆசை தீர சாப்பிட வச்சிருங்க. கூடவே மங்குஸ்தான் நாலு குடுங்க, டுரியான் சூடு அது குளிர்ச்சின்னு அங்க ரெண்டையும் சேத்துத்தான் சாப்பிடுவாங்க, அத்தைக்கே தெரியும்.

சிம்மக்கல் சித்தப்பு:
தம்பி சனிக்கிழமை தானே போற. எனக்கு ஒரு ரெண்டு கிலோ மங்குஸ்தான் சேத்து வாங்கு, இதழ் ஏழு இருக்கிறதாப் பொறுக்கு. காசு ஜிபே பண்ணிடுறேன்.

தெப்பக்குளத்தான்:
சித்தப்பு, மலைப்பழம் வயித்துக்கு நல்லதுன்னீங்களே?

சிம்மக்கல் சித்தப்பு:
அது காலைல. இது சாயங்காலத்துக்கு.